சிங்காரவேலர் மீது சுமத்தும் பழி

சேத்தியாத்தோப்புத் தொழிற்சங்கக் கூட்டமொன்றில் பேசிய நண்பர், தொழிற்சங்க முன்னோடியான சிங்காரவேலர் மீது மூன்று குற்றங்களைச் சுமத்தினார்: தொழிலாளரை ஏணியாக்கி அரசியலில் ஏறினாராம், 1928 ரயில்வே வேலைநிறுத்தத்தை அவசரப்பட்டுத் தோற்கடித்தாராம், சங்கத்துக்குள் அரசியலைப் புகுத்திக் கெடுத்தாராம். மூன்றும் வரலாற்றுக்குப் புறம்பானவை.

முதலில், ஏணி. ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல், வழக்கறிஞர் தொழிலைத் துறந்தபோது அவருக்கு வயது 61. அடுத்த ஆண்டு கயா காங்கிரஸ் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதியாகப் பேசினார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1924இல் கம்யூனிஸ்டுகள் மீது பிரிட்டிஷ் அரசு தொடுத்த கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது. 1925இல் கிடைத்த பதவி சென்னை மாநகராட்சி உறுப்பினர். பதவிக்கு அலைபவன், செழித்த தொழிலையும் முதுமையின் ஓய்வையும் விட்டு வழக்கையும் சிறையையும் தேடிப்போவானா?

இரண்டாவது, 1928. தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனை வேலைகளைத் திருச்சி பொன்மலையில் குவித்து, ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டது. யாரை நிறுத்துவது என்று பார்க்கத் திறன் தேர்வும் வைத்தது. சண்டையைத் தொடங்கியது நிர்வாகம்தான். வேலைநிறுத்தம் தோற்றது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோல்விக்கு விலை கொடுத்தவர் யார்? எழுபதை நெருங்கும் வயதில் பத்தாண்டுத் தண்டனை பெற்றவர் சிங்காரவேலர். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930இல்தான் வெளியே வந்தார். ஆட்குறைப்பைத் திட்டமிட்டவர்களைப் பற்றி நண்பர் வாய் திறக்கவில்லை. சிறைக்குப் போனவரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறார். இதற்குப் பெயர் வரலாற்று ஆய்வு அல்ல, நிர்வாகத்தின் வக்காலத்து.

மூன்றாவது, சங்கத்துக்குள் அரசியலைப் புகுத்தினார் என்ற பழிதான் ஆபத்தானது. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை முடக்க பின்னி ஆலை முதலாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சங்கத் தலைவர் வாடியாவுக்கு எதிராகத் தடையாணையும் வாங்கினார்கள். தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதே வழக்கு. சங்கம் நடத்துவதற்குச் சட்டப் பாதுகாப்பு 1926இல்தான் கிடைத்தது. ஒற்றுமை எவ்வளவு இருந்தாலும், சட்டம் எதிராக நின்றால் சங்கம் நொறுங்கும் என்பதை அன்றைய தொழிலாளர்கள் பட்டறிந்தார்கள். சிங்காரவேலர் அரசியலுக்குப் போனது அதனால்தான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலாளியும் சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைத் தொழிலாளியும் இன்று கேட்கிற கூலியும் பணிப் பாதுகாப்பும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும்தான் முடிவாகின்றன. அங்கே தொழிலாளிக்கு வேலையில்லை என்று சொல்பவர், முதலாளி மட்டும் போய்வரட்டும் என்றே சொல்கிறார். நண்பர் அதைத் தொழிலாளர் முன்னால் வெளிப்படையாகச் சொல்லட்டும். இல்லையேல் பழியைத் திரும்பப் பெறட்டும்.