ஒரு கிராஃப்ட் என்ன விலை?

சென்ற தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். புனேயில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறான், வயது 26. "மாமா, இந்தத் தவணைக் கணக்கு சரிதானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். 'மட்டும்' என்ற சொல்லை அவன் அழுத்திச் சொன்ன விதத்திலேயே, வேறு அறிவுரை எதுவும் வேண்டாம் என்ற வேண்டுகோள் இருந்தது.

அது முடி மாற்று அறுவை சிகிச்சைக்கான விலைப்புள்ளி. 3,000 கிராஃப்ட், ஒன்றுக்கு 35 ரூபாய், மொத்தம் 1,05,000 ரூபாய். மாதம் 8,750 வீதம் 12 தவணை, வட்டி இல்லை. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். முன்நெற்றி இரு பக்கமும் மேலேறிக்கொண்டிருப்பது அவனுக்கு எவ்வளவு வேதனை தருகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த வேதனையை நகைப்பது எளிது. 35 வயதுக்குள் தலை வெளிச்சமாகிவிட்ட எனக்கு அந்த உரிமை இல்லை. கூட்டமாகப் படம் எடுக்கும்போதெல்லாம் பின்வரிசைக்கு நழுவியவன் நான். ஆகவே, சிகிச்சை தேவையா என்ற கேள்விக்குள் புகாமல், அவன் கேட்டபடியே கணக்கை மட்டும் பார்த்தேன். கணக்கே வேண்டிய அளவு பேசியது.

முதலில் கிராஃப்ட் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். முடி தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சிறு கொத்தாக வளர்கின்றன. அக்கொத்து வேரோடு எடுக்கப்படும்போது அது ஒரு கிராஃப்ட். ஒரு கூடம் கிராஃப்டுக்கு விலை சொல்லும். அடுத்த கூடம் முடிக்கு விலை சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்து மலிவு எது என்று பார்ப்பவர் ஏமாறுவார். மேலும், இயற்கையான கொத்தை இரண்டாகப் பிரித்தால் முடி கூடாது. எண்ணிக்கையும் கட்டணமும் கூடும். அறுவை மேசையில் குப்புறப் படுத்திருப்பவர் எண்ணிப் பார்க்கவா முடியும்?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நடுவதற்கான முடி தலையின் பின்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வருகிறது. பரம்பரை வழுக்கையின் தாக்கத்துக்கு அப்பகுதி பெரும்பாலும் உட்படுவதில்லை என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. அங்கிருந்து எடுத்த இடத்தில் அந்த முடி மீண்டும் முளைக்காது. வங்கிப் பழக்கத்தில் சொன்னால், இது வரவே இல்லாத கணக்கு. எடுப்பது மட்டுமே உண்டு. 'எத்தனை கிராஃப்ட் வேண்டுமானாலும் ஒரே கட்டணம்' என்று விளம்பரம் செய்வோர், உங்கள் கணக்கில் தாராளம் காட்டுகிறார்கள். அளவுக்கு மீறி எடுத்தால் பின்தலை பூச்சி அரித்ததுபோல் ஆகிவிடும். பிற்பாடு திருத்த நினைத்தாலும் கையிருப்பு இராது.

விலை ஏன் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுகிறது என்று அவன் கேட்டான். வாடகை, நகரம், கருவி எல்லாம் ஓரளவுக்குக் காரணம். பெரிய காரணம், கத்தி யார் கையில் இருக்கிறது என்பது. பல மணி நேரம் பிடிக்கும் இவ்வேலையில் மருத்துவரின் நேரம்தான் விலை உயர்ந்தது. அதைக் குறைத்து உதவியாளரிடம் ஒப்படைத்தால் விலை இறங்கிவிடும். இத்தகைய கூடங்களைக் குறித்து டெல்லி உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்த 2022-ஆம் ஆண்டில், தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. யூடியூப் காணொளியையோ பயிலரங்கையோ பார்த்துக் கற்றது போதிய பயிற்சி ஆகாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு நாட்டின் மருத்துவ ஆணையம் அதை எழுதிவைக்க நேர்ந்தது என்றால் நிலைமையை நாமே ஊகிக்கலாம். 2016-இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவரே இச்சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். எனவே விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன்: வேரை எடுப்பவர் யார், நடுவதற்கான துளையை இடுபவர் யார், மயக்க மருந்தால் சிக்கல் நேர்ந்தால் அதைக் கையாளும் வசதி அங்கு உண்டா. அவன் கொண்டுவந்த தாளில் மருத்துவரின் பெயரே இல்லை.

இனி வரி. நோய்க்கான மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதால் இதற்கும் இராது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் விலக்கு அளிக்கும் அறிவிக்கை, முடி மாற்றுச் சிகிச்சையைப் பெயர் சொல்லியே ஒதுக்கிவைத்திருக்கிறது. விபத்துக் காயம், பிறவிக் குறை போன்றவற்றைச் சீர்செய்யும் போது மட்டுமே விலக்கு. ஆகவே 18 சதவீதம், அதாவது 18,900 ரூபாய். 'வரி தனி' என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அது தவணையிலும் சேரவில்லை. சிகிச்சையன்று கையிலிருந்து கட்ட வேண்டியது. பின்பக்கத்தில் பி.ஆர்.பி. ஊசி நான்கு முறை, முறைக்கு 5,000. மொத்தம் இப்போதே 1,43,900 ரூபாய். இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இன்னும் சேரவில்லை. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகள் மருத்துவக் காப்பீட்டின் வழக்கமான விலக்குகளுள் ஒன்று என்பதால் அந்தப் பக்கமும் உதவி கிடைக்காது.

பிறகு அவன் என்னிடம் கேட்ட தவணைக் கணக்கு. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்று அதே தாளில் அச்சிட்டிருந்தார்கள். அப்படியானால் உண்மை விலை 94,500 ரூபாய். அதற்கு மாதம் 8,750 வீதம் 12 மாதம் கட்டுவது, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி கட்டுவதற்குச் சமம். வட்டி இல்லை என்பது பெயரளவில்தான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் எதுவாயினும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். விற்பனைப் பெண் கைப்பேசியில் ஓ.டி.பி. கேட்குமுன் அந்த அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

வங்கியின் இதழிலேயே இதற்குக் கடன் வாங்காதீர்கள் என்று எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். என் காரணம் வட்டி மட்டுமன்று. நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும், அது இயல்பே. வேர் நிலைத்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் மீண்டும் முளைத்து, முழுப்பலன் தெரிய ஓராண்டு ஆகும். அதாவது முதல் தவணை கட்டும் வேளையில் தலையில் இருப்பது சிவந்த வடு மட்டுமே. மற்றொன்று, 26 வயதில் முடி உதிர்வு நின்றுவிடுவதில்லை. நட்டது நிற்கும், அதன் பின்னால் ஏற்கெனவே இருந்த முடி பின்வாங்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்க மருந்து தொடர வேண்டும். மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 20 ஆண்டில் 2,40,000 ரூபாய், சிகிச்சையைப்போல் இரு மடங்குக்கும் மேல். அந்த எண் எந்த விலைப்புள்ளியிலும் இருப்பதில்லை.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான். அதே 8,750 ரூபாயை 12 மாதம் தொடர் வைப்பில் கட்டு. அந்த ஓராண்டில் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் மருந்தையும் அதன் பக்க விளைவுகளையும் கேட்டறிந்து, உதிர்வு நிலைபெறுகிறதா என்று பார். மருந்தின் பலனை அறியவே ஆறு மாதமாவது வேண்டும். ஆண்டு முடிவில் கையில் ரொக்கம் இருக்கும். எவ்வளவு முடி உண்மையில் நட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

முகம் சுருங்கியது. கல்யாணம் ஓராண்டு காத்திருக்குமா என்று என் தங்கையும் கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். ஏழாவது தவணை கட்டிவிட்டானாம். தோல் மருத்துவர் ஒருவர் உருப்பெருக்கிக் கருவியால் பின்தலையை அளந்துவிட்டு, முன்பக்கத்துக்கு 1,800 கிராஃப்ட் போதும், மற்றது பின்னாளுக்கு இருக்கட்டும் என்றிருக்கிறார். அவருடைய விலை ஒன்றுக்கு 60 ரூபாய். மொத்தம் 1,08,000, வரி தனி. எடுப்பதும் துளையிடுவதும் தானே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஒரு கிராஃப்டுக்கு 25 ரூபாய் அதிகம் மாமா" என்றான். மொத்தத்தில் 3,000 ரூபாய்தான் அதிகம். 1,200 கிராஃப்ட் உன் தலையிலேயே மிச்சம் இருக்கும் என்றேன். மருந்தின் பலனை ஐப்பசி வரை பார்த்துவிட்டு நாள் குறிக்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.