தேவையான பொருட்களில் விடுபட்டது

தீபாவளி மலரோ பொங்கல் மலரோ, எந்தப் பெண்கள் பத்திரிகையைப் பிரித்தாலும் நடுவில் அந்த இரண்டு பக்கம் இருக்கும். பிஸ்தா ஓட்டில் தாமரை. உடைந்த வளையலில் வாசல் தோரணம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் விளக்குத் தட்டு. தண்ணீர் பாட்டிலை அறுத்து ஒரு மயில். மேலே கொட்டை எழுத்தில் 'செலவே இல்லாமல் வீட்டை அலங்கரிக்கலாம்!' கீழே 'தேவையான பொருட்கள்': பழைய வளையல் 24, பசை, சம்கி, கத்தரிக்கோல். பட்டியல் அதோடு முடிந்துவிடும்.

முப்பது வருடமாக இந்தப் பட்டியலைப் படித்து வருகிறேன். ஒருமுறைகூட அதில் 'நான்கு மணி நேரம்' என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. வளையலைக் கழுவித் துடைத்து, நூல் சுற்றி, பசை காயக் காத்திருந்து, ஒட்டாததை மறுபடி ஒட்டி, தரையில் சிந்திய சம்கியைக் கூட்டி அள்ளி முடிக்க ஒரு பொழுது ஆகும். செலவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பொழுது ஒரு பெண்ணுடையது என்பதால்தான். அவளுடைய நேரமும் பழைய வளையலைப் போல வீட்டில் சும்மா கிடக்கிற பொருள் என்று எடுத்துக்கொண்டதால்தான்.

என்னைக் கைவேலை தெரியாத படித்த திமிர்க்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயதில் சிவன் கண் முடிச்சில் ஒயர் கூடை பின்னியவள் நான். நெல்லிக்காய் முடிச்சும் வரும். சொல்லிக் கொடுத்தது அம்மா.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திருப்பூர் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய பனியன் துண்டுகள் கிலோக் கணக்கில் வரும். அம்மா அதை நாடாவாகக் கிழித்து, மூன்று பிரியாகச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துக் கால்மிதி செய்வார். பின்மதியம் கூடை. இரவு, எல்லோரும் படுத்த பிறகு, பழைய காட்டன் சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைகளுக்கு விரிப்பு. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்த நோம்பிக்கும் அம்மா வெறுங்கையோடு போனதில்லை. "உங்கம்மா பெரிய கெட்டிக்காரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கூடையை வாங்கிக்கொள்வார்கள். ஊரில் பாதி வீட்டுச் சமையலறையில் அம்மாவின் கை தொங்கிக்கொண்டிருந்தது.

1996இல், பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு டீச்சர் ஒரு பெரிய கூடை கேட்டார். கேட்டதோடு, 150 ரூபாயை அம்மா கையில் வைத்துவிட்டார். அம்மா அதை அரிசி டப்பாவில் வைக்காமல் தன் பெட்டியில் வைத்தார். தையல் வகுப்பில் சேர வேண்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. இரண்டு நாளில் விஷயம் அப்பாரு காதுக்குப் போயிற்று.

"ஏனம்மிணி, கூடை பின்னி வித்துத்தான் இந்த ஊட்டுல ஒலை வெக்கோணுமா?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பணத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் போய் டீச்சரிடம் கொடுத்து, "அம்மா சும்மாவே வெச்சுக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பதினோரு வயது. தையல் வகுப்பைப் பற்றி அம்மா அதன்பிறகு பேசவில்லை.

அப்பாரு கெட்டவர் என்று சொல்லிக் கதையை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அவர் கேட்ட கேள்வியில் ஒரு முழுச் சமூகவியல் இருக்கிறது. சந்தையில் மூங்கில் கூடையும் முறமும் பின்னி விற்கும் பெண்களிடம் அஞ்சு ரூபாய் குறைத்துப் பேரம் பேசி வாங்கி வருபவர் அவர். அவர்களும் விரலால்தான் பின்னுகிறார்கள், அம்மாவும் விரலால்தான் பின்னுகிறார். அந்தப் பெண்கள் செய்தால் அது பிழைப்பு, அவர்கள் சாதிக்குரிய வேலை. நிலம் வைத்திருக்கும் சாதி வீட்டு மருமகள் செய்தால் அது கைவேலை, பொழுதுபோக்கு, குடும்பப் பெண்ணின் லட்சணம். இரண்டையும் பிரிக்கும் வேலி ஒன்றே ஒன்றுதான்: காசு வாங்கக் கூடாது. காசு வாங்கிய அந்த நொடியில் எங்கள் வீட்டுக் கௌரவம் சந்தைத் தரையில் போய் உட்கார்ந்துவிடும் என்று அப்பாரு பயந்தார். நாங்கள் ரசிக்கும் 'வீட்டுக் கைவினை' சாதியின் பாதுகாப்பில் வளர்ந்த ஒன்று என்பதை இந்த 150 ரூபாய்தான் எனக்குக் கற்றுத் தந்தது. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்ற சொல்லே கிடைக்கவில்லை என்பது புரிய எனக்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

காசு வாங்கும் வீட்டுவேலையின் கதை மட்டும் என்ன வாழ்கிறது? திருப்பூரைச் சுற்றி எத்தனையோ வீட்டு வாசல்களில் பெண்கள் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. "டிவி பாத்துக்கிட்டே செய்யலாமுங்க" என்பார் கொண்டுவந்து போடுகிறவர். பத்திரிகையின் 'ஓய்வு நேரத்தில் செய்து அசத்துங்கள்' என்பதும் இதுவும் ஒரே வாக்கியம்தான். பவானியிலும் சென்னிமலையிலும் கைத்தறி வீடுகளில் தறிக்குத் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். கூலி தறிக்காரர் பேரில் வரும். வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளியே என்று சொல்லும் 177ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே நிறைவேற்றியது. அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்த அதே வருடம். இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்த ஓய்வு நேரம் என்பது எங்கே இருக்கிறது? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019 கணக்கெடுப்பில் 299, 97. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிஞ்சியிருக்கிறது. ஆண்களும் தங்கள் பங்குக்கு ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிஸ்தா ஓட்டில் தாமரை செய்ய வேண்டும்.

பழைய பொருளை மறுபடி பயன்படுத்தும் கலை என்கிறார்களே, அதில் மிகப் பழையதும் எல்லா வீட்டிலும் நடந்ததுமான ஒன்று எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. நைந்த சேலையைக் கிழித்து, மடித்து, மாதவிடாய்க்கு வைத்து, துவைத்து, யார் கண்ணிலும் படாமல் வேறு துணிக்கு அடியில் காயப்போட்ட அந்தத் துணி. அளவு பார்த்துக் கிழிப்பது, எந்தத் துணி உறிஞ்சும் எது புண்ணாக்கும் என்று அறிவது, இதெல்லாம் அமுச்சியிடமிருந்து அம்மாவுக்கு வந்த கைத்திறன். 1998இல் மணமான புதிதில் மனைவி கந்தலை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துத்தான் கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் எந்திரத்துக்கான தேடலைத் தொடங்கினார். 2016இல் பத்மஸ்ரீ, 2018இல் இந்திப் படம். அவருக்குத் தகும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் ஆத்திரம் வேறு இடத்தில். ஒரு ஆண் பார்த்ததும் அது கண்டுபிடிப்பின் தொடக்கம் ஆயிற்று. அதற்குமுன் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்தது வெறும் கந்தல், வெறும் வெட்கம். பாட்டில் மயிலுக்குக் கிடைத்த வண்ணப் பக்கம் அதற்குக் கிடைக்கவில்லை.

இதே பக்கம் இப்போது பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. 'வேண்டாத பொருளில் வேண்டிய பொருள்' என்று பிள்ளைக்கு ப்ராஜெக்ட். இரவு பதினொரு மணிக்கு ஐஸ் குச்சியில் வீடு கட்டுவது யார் என்று டீச்சருக்கும் தெரியும், ஏனென்றால் அவரும் தன் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

"மறுபயன்பாடு சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?" என்று தோழிகள் கேட்கிறார்கள். கால்மிதி நல்லது, சேலை விரிப்பு நல்லது, துணிப்பை நல்லது. பாட்டில் மயில் ஆறு மாதம் தூசி படிந்து நின்றுவிட்டு, எங்கள் ஊர்க் குப்பை எல்லாம் போகிற வெள்ளலூர் கிடங்குக்குத்தான் போகும். பாட்டிலாகப் போகாமல் பசையும் சம்கியும் ஒட்டிய மயிலாகப் போகும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதமும் அதன் தூசியைத் துடைப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டிலைச் செய்து விற்ற கம்பெனி கணக்குச் சொல்ல வேண்டிய குப்பைக்கு வீட்டுப் பெண் ஏன் பரிகாரம் தேட வேண்டும்?

மார்கழி கடைசி நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் தோட்டத்திலும் செருகுவார்கள். பசை வேண்டாம். காய்ந்தால் மண்ணோடு போய்விடும். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் கை வைக்கிற ஒரே பண்டிகை அலங்காரம் இதுதான். இதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கேட்டதில்லை. விடியற்காலையில் பனியில் குனிந்து முப்பது நாளும் போடும் மார்கழிக் கோலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பின்னாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் முகம் கூடை அடிப்பாகத்தை முடித்து மேலே திருப்பும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் கொடுக்காமல், எதற்கும் பயன்படாமல், தனக்கென்று ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளும் உரிமையும் பெண்ணுக்கு வேண்டும். நான் கேட்பது, அந்தப் பக்கங்களை எழுதும் பெண்களிடம், ஒரு வரிதான். கத்தரிக்கோலுக்குக் கீழே நேரத்தையும் போடுங்கள். போட்டுவிட்டு, 'செலவே இல்லாமல்' என்று தலைப்பு வைக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். விற்கிற பெண்ணிடம் பேரம் பேசும்போதும் அதே வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத்திலிருந்து அம்மாவை மணி பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். "இதையெல்லாம் எழுதி வெச்சா ஆரு கண்ணு காசு குடுக்கப் போறாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு தாளைக் காட்டினார். 'பெரிய கூடை, சிவன் கண். ஒயர் 3 கட்டு. 14 மணி நேரம்.' அதற்குக் கீழே, வேறு மையில்: 'நடுவுல அப்பாவுக்குக் காப்பி 3 தடவை, துணி காயப்போட்டது சேக்கல.'