பாய் நனைக்கும் பிள்ளையும் சீன வைத்தியமும்

விடுதிச்சாலைப் பொறுப்பை நாம் ஏற்றிருந்த காலத்தில், எல்லோருக்கும் முன்னரே எழுந்து தன் பாயைச் சுருட்டி மறைக்கும் சிறுவன் ஒருவன் இருந்தான். வயது பதினொன்று, படிப்பில் வல்லவன். ஆயினும் கல்விச் சுற்றுலா என்றாற் போதும், அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். காரணம் நமக்கு விளங்க ஒரு தவணை சென்றது. அண்மையில் தாயார் ஒருவர், "மாஸ்டர், இதற்குச் சீன வைத்தியத்தில் நல்ல மருந்து உண்டாமே, கொடுக்கலாமோ?" என்று வினவியபோது அவன் முகமே நம் மனக்கண்முன் வந்தது.

சீனருக்கு இது பழைய நோய். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஹுவாங்தி நெய்ஜிங் நூலிலேயே இதுபற்றிய பேச்சு உண்டு. அவர்கள் கூறும் சிறுநீரகம் நாம் உடற்கூற்றில் அறிந்த உறுப்பு மாத்திரமன்று. உடலின் நீரை ஆள்வதும், பிள்ளையின் வளர்ச்சிக்கு வித்தாவதும் அதுவே. பிள்ளைப் பருவத்தில் அதன் வெம்மை நிறைவுறாதிருப்பின் இரவில் நீர் கட்டுக்கடங்காது என்பர். கைகால் குளிர்ந்து, சிறுநீர் தெளிவாகவும் மிகுதியாகவும் போகும் பிள்ளைக்கு ஒரு மருந்து. பசி குன்றி, பகலிலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் மெலிந்த பிள்ளைக்கு வேறொன்று. நீர் மஞ்சளாகி, முன்கோபமும் பல் நறநறப்பும் உடைய பிள்ளைக்கு இன்னொன்று. நோயை அன்றிப் பிள்ளையைப் பார்க்கும் இம்முறையை நாம் மதிக்கிறோம்.

பெயர்பெற்ற மருந்து சுவோசுவான் வான் என்பது. 'ஊற்றை ஒடுக்கும் உருண்டை' என்று பொருள் கொள்ளலாம். அதிற் சேரும் மூன்று சரக்கும் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. ஒன்று நம் அரத்தையின் இனத்துக் காய். மற்றொன்று கறுவாக் குடும்பத்துச் செடியின் வேர். மூன்றாவது இராசவள்ளியின் இனத்துக் கிழங்கு. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூட்டை ஆவியில் வேகவைத்து உலர்த்திச் சேர்ப்பாரும் உளர். (இதைக் கேட்டதும் அத்தாயாரின் ஆர்வம் பாதியாயிற்று.) தொப்புளுக்குக் கீழே பிள்ளையின் நான்கு விரல் அகலத்தில் உள்ள குவான்யுவான் என்னும் புள்ளியில் ஊசி குத்துவதும், மாசிபத்திரி இனத்து இலைத்திரியைக் கொளுத்தித் தோலிற் படாமற் சூடு காட்டுவதும் உண்டு.

இவை பலன் தருமா? ஊசிமுறைபற்றிச் செய்த ஆராய்ச்சிகள் சிறியன. அவற்றிற் பல செம்மையானவையல்ல. மேலும் ஐந்து வயதிற் பாய் நனைக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் மருந்தின்றியே குணமடைகின்றனர். அவ்வாண்டில் உண்ட மருந்துக்கே புகழ் சேருமன்றோ?

பலனின்மையைவிட நாம் அஞ்சுவது வேறொன்று. முன்கோபப் பிள்ளைக்கென மேலே கூறிய வகைக்கு வழங்கும் லொங்தான் சியெகான் என்ற மருந்தில், குவான் முதொங் என்னும் கொடித்தண்டு நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. அதிலுள்ள அரிஸ்டொலொக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயையும் விளைப்பது. சிறுநீர்க் குறைக்கு உண்டவர் சிறுநீரகத்தையே இழக்கும் அவலம் நேர்ந்தது. 2003 ஆம் ஆண்டிலே சீன அரசே அச்சரக்கை விலக்கியது. ஆதலின் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத பொட்டலத்தைப் பிள்ளையின் வாயில் இடற்க.

முதலில் வைத்தியரிடம் சிறுநீரைச் சோதிப்பிக்க வேண்டும். நனையாதிருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கித் தாகமும் மெலிவும் காட்டினால் அது நீரிழிவாயிருக்கலாம், அன்றே காட்டுக. எரிவும் காய்ச்சலும் கிருமித்தொற்றின் குறிகள். மலச்சிக்கலைத் தீர்த்த அளவிலேயே பாய் உலர்ந்த வீடுகளும் உண்டு. ஈரம் பட்டதும் மணியடித்து எழுப்பும் கருவியை அமெரிக்காவின் மௌரர் தம்பதியர் 1938 இல் விவரித்தனர். இன்றும் சிறந்த முறைகளுள் அது ஒன்று. இரண்டு மூன்று மாதமேனும் பொறுமை வேண்டும். பெற்றோரின் நித்திரையும் கெடும்.

நம் விடுதிச் சிறுவனின் தகப்பனாரை ஒருநாள் அழைத்துப் பேசினோம். அவர் வாயிற்படிவரை சென்றுவிட்டுத் திரும்பிவந்து, தாமும் பன்னிரண்டு வயதுவரை அப்படியே இருந்ததாகத் தாழ்ந்த குரலிற் சொன்னார். இக்குறை குடும்பவழி வருவதென்பது அவருக்குத் தெரியாது. "மகனிடம் சொன்னீர்களா?" என்றோம். இல்லை என்றார். அன்று மாலை மாமரத்தடியில் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். அடுத்த தவணைச் சுற்றுலாவுக்கு அவன் பெயர் கொடுத்தான். பாய் உலர்வதற்கு மேலும் ஓராண்டு சென்றது.