பொடி எண்கள் இழிவா?

செய்தித்தாளில் வரும் சுடோக்குக் கட்டத்தை நிரப்பும் தோழியர் நம்மில் பலர். அவர்களுள், கட்ட மூலையில் பென்சிலால் பொடி எண்கள் குறிப்பவளை 'மந்தம்' என்று பரிகசிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை.

ஒரு நிரையில் இரு கட்டங்களுக்கு 4, 7 என்னும் எண்களே பொருந்தும் எனக் கொள்வோம். எது எங்கே என்று இப்போது தெரியாது, தெரியவும் வேண்டா. அவ்விரண்டும் அவ்விரு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. எனவே அந்நிரையின் மற்றக் கட்டங்களில் 4-ஐயும் 7-ஐயும் அடித்துவிடலாம். 4, 7, 9 என்றிருந்த மூன்றாவது கட்டம் 9 என்று தானே வெளிப்படும்! பொடி எண் எழுதாதவள் இதைக் காண்பது எங்ஙனம்? அவள் ஊகிக்கிறாள், இருபது கட்டங்கள் கடந்தபின் பிழை தலைகாட்ட, எங்கே தவறியது என்றறியாமல் எல்லாவற்றையும் அழிக்கிறாள். தாள் கிழிவதுதான் மிச்சம்.

நம் அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்க்கும் அன்னையர், பழுதைக் கண்டதும் அவ்விடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகின்றனர், மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. அவர்களை யார் மந்தம் என்பர்?

1979-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹோவர்டு கார்ன்ஸ் அமைத்த இப்புதிர் 1984 முதல் ஜப்பானில் பரவியது. உலகப் போட்டிகள் நம் நாட்டிலேயே 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூரிலும் நடந்தன. கூட்டலோ பெருக்கலோ இதில் இல்லை; கணக்குக்கு அஞ்சும் தோழியும் துணிந்து வரலாம்.

கணித மன்றப் போட்டி நடத்தும் அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் வேகத்தோடு, ஓரத்தில் எழுதிய குறிப்புக்கும் மதிப்பெண் தர வேண்டுகிறோம்.