இசை பயில்வார்க்கு ஏற்ற நூல்கள்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குச் சில நாள் முன்னர், கீர்த்தனை பழகுதற்பொருட்டு எம் விடுதி மாணாக்கர் அறுவர் ஓர் அறையிற் கூடினோம். நாகர்கோவிலார் இருவர், தஞ்சையார் ஒருவர், ஏனையோர் மதுரைப் பக்கத்தார். அறுவரும் பிள்ளைப் பருவந்தொட்டு அக்கீர்த்தனையைத் தத்தம் ஊர் ஆலயத்திற் பாடி வந்தவரே. ஆயினும் பல்லவி முடியுமுன் மூன்று மெட்டுக்கள் எழுந்தன. எம்முள் ஒருவர், “புத்தகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்” என்றார். பார்த்தோம். பாட்டின் தலைப்பில் ‘ஆனந்தபைரவி, ஆதி தாளம்’ என்னும் இரண்டு குறிப்புக்களே இருந்தன. தாம் பாடியதே ஆனந்தபைரவி என்று மூன்று திறத்தாரும் சாதித்தனர். இறுதியில் உரத்த குரலுடையார் மெட்டே வென்றது!

இது நகைத்து மறத்தற்குரிய செய்தியாக எமக்குத் தோன்றவில்லை. ஆனந்தபைரவி நேரே ஏறி நேரே இறங்கும் இராகமன்று, வக்கிரமாய்ச் செல்வது. தனக்குரிய சாதாரண காந்தாரத்தோடு, சில பிடிகளில் அந்தர காந்தாரத்தையும் அன்னிய சுரமாக ஏற்பது. அஃது எவ்விடத்து வரும், எவ்வளவு நிற்கும் என்பதைச் சுரப்படுத்தி எழுதினாலன்றி, இராகத்தின் பெயர் மாத்திரம் எங்ஙனம் உணர்த்தும்? பாடினவர் உயிரோடிருக்கும்வரை அப்பெயர் போதும். அவர் மறைந்தபின் அப்பெயர், உள்ளிருந்தார் வெளியேறிவிட்ட வீட்டின் கதவிலக்கம் போல்வதாம்.

ஆதலின் இசை கற்றற்கும் கற்பித்தற்கும் நூல் தெரிவார், ‘இந்நூலைக் கையிற்கொண்டு பாட இயலுமா?’ என்னும் வினாவையே முதலில் எழுப்புதல் வேண்டுமென்பது எம் கருத்து. ஆசிரியர் பெருமையும் தாளின் உயர்வும் அதற்குப் பின்னரே.

இவ்வினாவோடு எம் கல்லூரி நூலகத்தின் இசைப் பலகையை நோக்கினோம். ஆங்குள்ளவற்றிற் பெரும்பாலன இசையைப்பற்றிய நூல்கள். இசையைக் கற்பிக்கும் நூல்கள் அல்ல. 1917 இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ இருக்கின்றது. 1947 இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ இருக்கின்றது. தமிழ் பயில்வோராகிய எமக்கு இவை உயிர் போல்வன. அரங்கேற்று காதையின் முன் திகைத்து நின்ற எம்மைக் கைப்பிடித்து நடத்தியது யாழ்நூலன்றோ? எனினும், பாடப் பழகவேண்டும் என்று வரும் முதல் வகுப்பு மாணவரிடம் சுருதிகள் இருபத்திரண்டா இருபத்துநான்கா என்னும் ஆராய்ச்சியை நீட்டுதல், அரிச்சுவடி கேட்ட குழந்தைக்குத் தொல்காப்பியம் ஈதலை ஒக்கும். அரிச்சுவடியோ அப்பலகையில் ஒன்றேனும் இல்லை. பண்டிதர் தாமே இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். அப்பெருநூலுக்குப் பத்தாண்டு முன்னரே, 1907 இல், தொடக்கப் பயிற்சிக்கு உதவும் பாட்டுக்களைத் தமிழிற் சுரத்தோடு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ எனத் தொகுத்து வெளியிட்டனர். பெரியது வாங்கிய நாம் சிறியதை வாங்காது விட்டோம்.

கடைகளில் விற்கும் தொடக்கப் பாடநூல்களின் தரத்தை அறிதற்கு எம் ஆசிரியர் ஒருவர் எளியதொரு வழி கூறினார். நூலின் முதற்பாடமாகிய சரளி வரிசையைத் திறந்து பாருங்கள். ‘ஸ ரி க ம ப த நி ஸ’ என்று மாத்திரம் இருப்பின் மூடி வைத்துவிடுங்கள். அவ்வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அதன் ரிஷபம் சுத்தம், காந்தாரம் அந்தரம், மத்திமம் சுத்தம், தைவதம் சுத்தம், நிஷாதம் காகலி என்று சொல்லாத நூல், ஆசிரியரின்றிப் பயில்வானுக்குப் பன்னிரண்டு சுரத்தானங்களுள் எதைப் பாடுவதென்று சொல்லாததேயாம். அடுத்து, மேல் தாயிக்கும் கீழ்த் தாயிக்கும் புள்ளி சரியாக இடப்பட்டுள்ளதா என்றும், நெடிற்சுரத்திற்கு இரண்டு அக்ஷர காலமென்றும், காற்புள்ளி ஒன்றும் அரைப்புள்ளி இரண்டுமாக நீளுமென்றும் விளக்கப்பட்டுள்ளதா என்றும் காண்க. ஆதி தாளத்தின் எட்டு அக்ஷரங்கள் நான்கும் இரண்டும் இரண்டுமாகக் கோடிட்டுப் பிரிக்கப்பட்டுள்ளனவா என்பதும் நோக்கற்பாலது. ஒரு புள்ளி பிழைபட்டால் பாட்டு ஒரு தாயி கீழே விழும். மலிவுப் பதிப்புக்கள் சிலவற்றில் அங்ஙனம் விழுந்து கிடப்பனவற்றை யாம் கண்டிருக்கின்றோம்.

நூல் எத்துணைச் சிறந்ததாயினும் அது படிப்பாரின் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் சமயத்தைச் சார்ந்தவர்; அரசாங்க அலுவலில் இருந்தவர். 1890-களில் அவர் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டுச் சுரக்குறிப்பில் அச்சிட்டு வெளியிட்டார். அதன்கண் செலவிட்ட உழைப்பு அளவிறந்தது. ஆனால் அக்கோடுகளைப் படிக்க வல்ல பாடகர் தமிழ்நாட்டில் எத்துணைப் பேர்? அவருக்குத் துணைநின்ற சுப்பராம தீக்ஷிதர் 1904 இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யோ, கம்பிதம் முதலிய கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் வகுத்துச் சுரத்தின்மேல் இட்ட பேரேடு, சுரம் நிற்பதை மட்டுமன்றி அசைவதையும் தாளிற் பிடிக்க முயன்ற அதனினும் சிறந்த முயற்சியை யாம் அறியோம். ஆயினும் அது தெலுங்கெழுத்தில் இருந்தது. 1961 தொடங்கிச் சென்னைச் சங்கீத வித்வத் சபையார் பகுதி பகுதியாகத் தமிழெழுத்தில் அதனை வெளியிட்ட பின்னரே நம்மனோர் பலர்க்கு அதன் கதவு திறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பாட்டுக்களைச் சுரதாளக் குறிப்புடன் வரிசையாக வெளியிட்டதும் ஈண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது.

கீர்த்தனைகளைச் சோல்பா முறையில் எழுதிவிடலாமே என்று எம் பாடகர் குழுத் தலைவர் கூறுவார். இங்கிலாந்தில் கிளவர் அம்மையார் தொடங்க, கர்வென் என்பார் பரப்பிய அம்முறை நம் ஆலயங்கட்குச் செய்த உதவி பெரிது. அதன் ‘டோ’வும் நம் ஆதார சட்சமம் போலப் பாடுவார் குரலுக்கேற்ப இடம் பெயர்வதே. ஞானப்பாட்டுக்களை நான்கு குரலிற் பாட அதனினும் எளிய வழி இல்லை. ஆனால் ஆனந்தபைரவியின் அசைவுக்கு அதில் எழுத்தில்லை. ஆர்மோனியத்தின் குறையும் அதுவே. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரமே ஒலிக்கும், ஊசலாடாது. அகில இந்திய வானொலி 1940 இல் அக்கருவியை விலக்கிற்று. 1971 இலேதான் அத்தடை தளர்ந்தது. யாம் அத்துணைக் கடுமை வேண்டுகின்றிலேம். ஆர்மோனியத்தை வெளியேற்றினால் எம் ஆலயத்தில் சபையாரும் உடன் வெளியேறுவர்! தொடங்குவார் சுருதி சேர்தற்குத் தம்பூரா ஒன்றும் உடனிருக்கவேண்டும் என்றே சொல்லுகின்றோம்.

“நூலெதற்கு? கைப்பேசியில் ஆயிரம் ஒலிப்பதிவுகள் உள்ளனவே” என்பாரும் உளர். கமகத்தைக் காதாலன்றி அறிய இயலாதென்பது மெய். ஆதலின் ஒலிப்பதிவும் வேண்டும். ஆயினும் அதை மாத்திரம் கேட்டுப் பழகுவார், பாடகர் தம் மனோதர்மத்தால் சேர்த்த சங்கதியையும் பாட்டின் உடலையும் வேறு பிரித்து அறியார்; இடையில் தாளம் தப்பினால் எடுப்பு எங்கென்று தேடுவர். எம்முள் ஒருவர் அங்ஙனம் தேடியதை மண்டபம் நிறைந்த கூட்டம் கண்டது. யாரென்பதை எழுதோம்.

இனி, குருமுகமாகவே இசை வரும், ஏட்டால் வாராது என்னும் பெரியோர் கூற்று. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் எம் ஊர்களில் குரு எங்கே? உபதேசியார் மகள் ஒருவர் ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகள் நாற்பதின்மர்க்குப் பாட்டுக் கற்பிக்கின்றார்; அவரிடம் இருப்பது கிழிந்த கீர்த்தனைப் புத்தகம் ஒன்றே. அவர்க்கு வேண்டுவது சாஸ்திர நூலன்று. எளிதினின்று அரிதிற்குப் படிப்படியாக ஏறும் பாடங்கள், கரும்பலகையில் எழுதிக்காட்டத்தக்க தெளிந்த சுரக்குறிப்பு, பிள்ளைகட்கு விளங்கும் தமிழ்ச் சொற்கள் ஆகிய இம்மூன்றும் உடைய நூலொன்று கிடைப்பின் அவர் மிக நன்றாகவே கற்பிப்பார்.

நூலகத்தாரை யாம் வேண்டுவது இதுவே. அடுத்த முறை இசைக்கென ஒதுக்கும் பணத்தில் இன்னொரு சரித்திர நூல் வாங்குமுன், பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பை ஒருமுறையும், நல்ல தொடக்கப் பாடநூலைப் பத்துப் படியும் வாங்குக. அப்பத்தும் மாணாக்கர் வீட்டிற்குக் கொண்டுசெல்லத் தக்கனவாக இருத்தல் வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சுரம் ஒலிப்பதில்லை.

கீர்த்தனைகளுக்கோ வாங்குவதற்கு நூலில்லை, எழுதவே வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் 1864 இல் மறைந்தார். அவர் வாயாற் கேட்டவரிடம் கேட்டவர்களும் இன்று இல்லை. ஆதலின் கோடை விடுமுறையில் எம் அறுவரும் தத்தம் ஊர் முதியோரைப் பாடச் செய்து, ஒலிப்பதிவு செய்து, சுரமும் தாளமும் குறித்து வந்தோம். இதுவரை ஏழு கீர்த்தனைகள் முடிந்தன. எட்டாவது, வழக்குக்கிடமான அந்த ஆனந்தபைரவி. நாகர்கோவில் நண்பரின் பாட்டியார் பாடியதில், அனுபல்லவியின் ஈற்றில் வரும் காந்தாரம் சாதாரணமா அந்தரமா என்று எமக்குத் தெளியவில்லை. பதிவில் அவ்விடத்தில் அம்மூதாட்டியார் இருமிவிட்டார். உயிர்த்தெழுந்த பண்டிகை விடுமுறைக்கு நண்பர் ஊர் செல்லுகின்றார். தம்பூராவையும் உடன் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கின்றோம்.