நேற்றுவரை தண்ணீரில் கிடந்த கல்

விடியற்காலையில் பெங்களூர் ஒக்கலிபுரத்துச் சந்துகளில் ஒரு வாசலிலிருந்து எதிர்வாசலுக்கு "காவேரி வந்துடுச்சா?" என்று கேள்வி போகுமானால், அது குடகு மலையிலே பிறந்து பூம்புகாரிலே கடலைச் சேரும் மகாநதியைப் பற்றிய க்ஷேமவிசாரணை அல்ல, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதே அதன் பொருள். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் 'போர் தண்ணி' என்றும் குடிநீர் வாரியக் குழாய் நீருக்குக் 'காவேரி' என்றும் பெயர் வைத்து வழங்குவது இவ்வூர் ஜனங்களுக்கு நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. 1974-இல் முதல் கட்டமாகப் பெங்களூருக்கு வந்த இந்த ஜலம், 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் அதிகமாக வர ஏற்பாடாகியிருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுவரப்படும் இந்தக் காவிரி, நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்துக்குள் அடங்குகிறது. திருகினால் ஓடுகிறது, மறுபடி திருகினால் நிற்கிறது. இப்படி அடங்கி ஒடுங்கிய நதியோடு மட்டுமே பரிச்சயம் உள்ளவர்கள் அதே நதியை அதன் சொந்த வீட்டில் சென்று சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பேட்டை இளைஞர்கள் நாலைந்து பேராக மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கனகபுரம் வழியாக அர்க்காவதி காவிரியோடு கலக்கும் சங்கமத்துக்கோ, அதற்கப்பால் நதி ஒடுங்கிப் பாறை இடுக்கில் பாயும் மேகெதாட்டுக்கோ, முத்தத்திக்கோ, இன்னும் தூரம் போக மனமிருந்தால் ஒகேனக்கல்லுக்கோ செல்கிறார்கள். மடக்குத் தூண்டிற்கோல் ஒன்று முதுகுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். மாலையில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். எப்போதாவது ஒருவர் திரும்புவதில்லை. மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வருகிறது: பாறையில் கால் வழுக்கியது, காப்பாற்றப் போன நண்பரும் மூழ்கினார், தேடுதல் தொடர்கிறது. கட்டப்போவதாகச் சொல்லப்படும் மேகெதாட்டு அணையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், மேகெதாட்டுப் பாறையைப் பற்றி அந்த நான்கு வரிக்குமேல் எழுதுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒகேனக்கல்லில் எனக்கே ஏற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொன்னால் விஷயம் விளங்கும். பரிசல் துறைக்குச் சற்று மேலே, தண்ணீருக்கு வெளியே முதுகு காட்டிக் கிடந்த பாறைகளின்மேல் ஏறி நின்று நண்பர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, அவர் அருகே போய் உட்கார எண்ணி நானும் கால் எடுத்து வைத்தேன். பாறை காய்ந்துதான் இருந்தது. வெயில் அதன்மேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்த முதியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தக் கறுத்த கல்லு மேல ஏறாதீங்க சாமி. நேத்து வரைக்கும் அது தண்ணியில கிடந்த கல்லு." நான் சிரித்துக்கொண்டே இரண்டாவது அடி வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பது, முழங்கை பாறையில் மோதிய வலியும், ஒரு செருப்பு சுழித்துக்கொண்டு போனதும், என் சட்டைக் காலரைப் பற்றியிருந்த ஒரு கையுமே. தார் வாசனை வீசிய அந்தக் கைதான் இந்தக் கட்டுரையை எழுதுவிக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. ஆற்றங்கரைப் பாறையில் இரண்டு நிறம் உண்டு: வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் வெளிறிய சாம்பல் நிறம், அதன் கீழே, நீர் ஏறி இறங்கும் இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் பாசியின் மெல்லிய ஏடு. வெயிலில் அது காய்ந்து காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பாசியென்று கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. ஒரு கை நீர் அதன்மேல் தெறித்தால், அல்லது ஈரச் செருப்போடு ஒருவன் அதன்மேல் ஏறினால், அக்கணமே விளக்கெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, யுக யுகமாக மணலும் கூழாங்கல்லும் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கிய பாறை அது. சுழலில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்த குழிகளும் மேகெதாட்டிலும் ஒகேனக்கல்லிலும் பல உண்டு. நீர் நிறைந்து கிடக்கும்போது முழங்கால் ஆழமாகத் தோன்றும் அத்தகைய குழி ஓர் ஆளையே விழுங்கக்கூடியது.

பாறையைவிட முக்கியமான செய்தி அந்த வாக்கியத்தின் முற்பாதியில் இருக்கிறது. நேற்றுவரை தண்ணீரில் கிடந்த கல் இன்று வெளியே இருக்கிறதென்றால், இன்று வெளியே இருப்பது நாளை, அல்லது இன்று மாலையே, தண்ணீருக்குள் போகும் என்பதே அதன் தாத்பரியம். தலைக்குமேல் வானம் நிர்மலமாயிருக்கிறது என்று பார்த்து ஆற்றை எடைபோடுவது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய காவிரியில் ஏற்ற இறக்கத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் கிருஷ்ணராஜசாகரத்தின் மதகும் கபினியின் மதகும்தான். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை அணைகளை நிரப்ப, அங்கே திறந்த நீர் பல மணி நேரம் கழித்து, வெயில் காய்கிற ஒரு பிற்பகலில், நாம் கால் நனைத்துக்கொண்டிருக்கும் பாறையை வந்தடைகிறது. 2024 ஜூலை இறுதியில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு கன அடி என்பது சற்றேறக்குறைய 28 லிட்டர். கணக்குப் பார்த்தால், பெங்களூருக்கு ஐந்தாம் கட்டத்தில் ஒரு நாள் முழுவதும் இறைத்துத் தரும் அந்த 77.5 கோடி லிட்டரும், அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஐந்து நிமிஷத்துக்குள் நம்மைக் கடந்து போய்விடும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம் காலின்மேல் மோதும் பலம் நான்கு மடங்காகும். ஆகையால்தான் நேற்று சுகமாக நின்ற அதே முழங்கால் ஆழத்தில் இன்று நிற்க முடிவதில்லை.

இந்த நதியில் தூண்டில் போடுவது புதிய பைத்தியம் அல்ல. தமிழில் பொம்மீன் என்று வழங்கும் மகசீர் மீனைத் தேடிச் சீமைத் துரைமார்கள் இக்கரைகளில் கூடாரம் போட்ட காலம் உண்டு. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடை இருந்தது என்பது இன்றும் பேசப்படுகிறது. பிற்காலத்தில் பீமேஸ்வரியிலும் காலிபோரிலும், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடும் நிபந்தனையோடு உலகெங்குமிருந்து தூண்டிற்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கேழ்வரகு மாவைப் பிசைந்து இரை உருட்டிக் கொடுத்தவர்களும், எந்தப் பாறையில் நிற்கலாம், எதில் கூடாது என்று முன்னே நடந்து காட்டியவர்களும் உள்ளூர் மீனவர்களே. காவிரி வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் அந்த விளையாட்டு நிறுத்தப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. இந்நதிக்கே உரிய திமில் மகசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018-இல் அறிவிக்கவும் பட்டது. ஆகவே சரணாலயத்துக்குள் தூண்டிலோடு போகிறவர் பிராணனை மட்டுமல்ல, சட்டத்தையும் பணயம் வைக்கிறார் என்பதை முதலில் அறியவேண்டும். தூண்டில் போட அனுமதி உள்ள துறைகளிலோ, முன்காலத்தில் துரைமார்களுக்கு முன்னே நடந்த அந்த உள்ளூர்க்காரர் இப்போது இல்லை. அவர் நடந்த இடத்தில் நம் பிள்ளைகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தனியே நடக்கிறார்கள்.

அவர் இருந்தால் சொல்லியிருக்கக்கூடியவை அதிகமில்லை. ரப்பர்ச் செருப்போடு பாறை ஏறாதே. கையில் தோளுயரக் கழி ஒன்று வைத்துக்கொண்டு, அடுத்த அடி வைக்குமிடத்தை அதனால் தட்டிப் பார். தூண்டில் கரையிலிருந்தே எட்டுமானால் கரையிலேயே நில். பரிசலில் ஏறும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டைப் பாறையிலும் கழற்றாதே. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, மீன் கொத்திக்கொண்டிருந்தாலும் எழுந்து வா. அப்படியும் விழுந்துவிட்டால் தூண்டிலை விட்டுவிடு. மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, பாறையைக் காலால் தள்ளிக்கொண்டு கரையை நோக்கிச் சாய்ந்து மித. வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாதே, ஏனெனில் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் ஓட்டம் உடலை முன்னே சாய்த்து முகத்தை நீருக்குள் அமுக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை விழுந்தவனுக்கு அல்ல, கரையில் நிற்பவனுக்கு. முத்தத்தியில் ஆஞ்சனேயர் கோயில் இருக்கிறது. சீதாபிராட்டியின் முத்து மூக்குத்தி ஆற்றில் விழுந்துவிட, அநுமன் வாலால் நீரைத் துழாவி அதை மீட்டுக் கொடுத்ததாக ஸ்தலத்து ஜனங்கள் கதை சொல்கிறார்கள். ஒரு முத்தை மீட்பதற்கே ஆஞ்சனேயர் தேவைப்பட்ட சுழலில், நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த நண்பன் நட்பின் வேகத்தில் குதிப்பது வீரம் ஆகாது. இருபது கஜம் கயிறும், அதன் முனையில் கட்டிய காலி எண்ணெய் டின்னும் கரையில் இருந்தால், குதிப்பதற்குப் பதிலாக அதை எறியலாம்.

தனி மனிதருடைய ஜாக்கிரதையோடு சர்க்காருடைய கடமை தீர்ந்துவிடவில்லை. இரு மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை இடைவிடாமல் அளக்கிறது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கென்று தீர்மானித்த 177.25 டி.எம்.சி. அந்த இடத்தில்தான் கணக்காகிறது. நியாயஸ்தலத்தில் வாதாடுவதற்குத் துளித் துளியாக அளந்து வைத்திருக்கும் அந்த எண்ணை, அணை திறப்புச் செய்தியோடு சேர்த்து, சங்கமத்திலும் முத்தத்தியிலும் ஒகேனக்கல்லிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகையில் அன்றன்று எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? 'அபாயம்' என்று எழுதிய பழைய பலகை இரு மொழியாருக்கும் விளங்கத்தான் செய்கிறது. ஆனால் வருஷம் முழுவதும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. இன்று காலை எவ்வளவு, மாலை எவ்வளவு வரும் என்று சொல்லும் பலகையைப் படிப்பார்கள்.

முழுத் தடை விதித்துவிட்டால் தொல்லை விட்டது என்று சிலர் சொல்லக்கூடும். வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் ஆண்டு முழுவதுக்குமான தடை, காவலுள்ள துறையிலிருந்து மனிதரை விரட்டிக் காவலில்லாத பாறைக்கு அனுப்புவதோடு, வலையையும் பரிசலையும் நம்பியிருக்கும் குடும்பங்களின் வயிற்றிலும் அடிக்கும். அதைவிட, அந்தக் குடும்பங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, மாதச் சம்பளமும் கயிறும் ஊதலும் கொடுத்து, பாறைகளுக்குக் காவலாக நிறுத்துவது மேல். உடலைத் தேடும்போது அழைக்கப்படுகிறவர்களை உயிர் இருக்கும்போதே அழைப்பதில் என்ன கஷ்டம்?

எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு துவைக்கிற கல் இருக்கிறது. காவேரி வரும் நாட்களில் குடம் நிரம்பி வழிந்த நீர் அதன்மேல் ஓடி ஓடிப் பாசி பிடித்துவிடும். என் மனைவி பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, "வழுக்கும், பார்த்து வாங்க" என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவைப்பாள். நாங்களும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்போம். ஒரு குடம் வழிந்த காவிரிக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த நான்தான், ஒகேனக்கல்லில் அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன்.