எந்த உரை மேலோங்கும்?



இம்மாதம் நாம் கற்கப்போகும் ஆங்கிலச் சொல் ‘பிரிவெயில்’. இது ஒரு வினைச்சொல். இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எங்கும் பரவி நிலவுதல். மற்றது, எதிர்த்து நிற்பதை வென்று மேலோங்குதல்.

முதற்பொருள் எங்கள் கொஸ்லந்த மக்களுக்குப் பழக்கமானது. வானொலியில் ‘நிலவும் சீரற்ற காலநிலை’ என்கிறார்களே, அந்த ‘நிலவும்’ என்பது ஆங்கிலச் செய்தியில் ‘பிரிவெயிலிங்’ என்று வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அதன்பின் இந்த வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் பெண்கள் முதலில் மலையைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் பொருளைப் பற்றிக் கேட்டவர், எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அக்கா. 1977 கலவரத்தின் பின் அவருடைய குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஒருநாள் அவர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்த, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுவந்தார். அதிலே அந்தச் சொல் இருந்தது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே ‘பிரிவெயில்’ ஆகும் என்பது அதன் கருத்து. இலங்கைச் சட்டங்களில் வழமையாக வரும் வாசகம் இது.

“அப்ப நான் தமிழ்ல படிச்சது செல்லாதா டீச்சர்?”

“செல்லும் அக்கா. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்துலதான் சிங்களம் மேலோங்கும்.”

ஆகவே சகோதரிகளே, சட்டம் சார்ந்த காரியங்களில் தமிழ் உரையை வாசிப்பதோடு நிற்காமல், சிங்களம் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் சிங்கள உரையையும் கேட்டறியுங்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

இனி இலக்கணம். ஒருவரை வெல்வதைச் சொல்லும்போது இச்சொல்லோடு ‘ஓவர்’ சேர்க்க வேண்டும். யாரை வென்றது என்று சொல்லாவிட்டால் அது வேண்டாம்: ‘ட்ரூத் வில் பிரிவெயில்’, உண்மை வெல்லும்.

இந்த வசனத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்ட அக்கா, ‘வில்’லின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: “இது இனிமேதான் நடக்கும்னு அர்த்தமா டீச்சர்?”

“ஆமா அக்கா, எதிர்காலம்.”

அவர் அதை அழிக்கவில்லை. அடியில் கோடிட்டு, கொப்பியை மூடினார்.

நீங்களும் இரண்டு பொருளிலும் ஒவ்வொரு வசனம் எழுதிப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.